பூட்டு தொங்கும் வீடு

வேலூர்ப் பதிப்பு நாளிதழைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு செய்தி மனப்பாடமாகியிருக்கும். வீட்டார் உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்தனர். பூட்டியிருந்த வீட்டின் பூட்டை உடைத்து, பீரோவில் இருந்த இத்தனை சவரன் நகையும் இத்தனை ஆயிரம் ரொக்கமும் திருடப்பட்டன. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர். ஊரின் பெயர் ஒரு நாள் சத்துவாச்சாரி, ஒரு நாள் காட்பாடி, மற்றொரு நாள் குடியாத்தம் அல்லது ஆற்காடு என்று மாறும். சவரன் கணக்கும் மாறும். 'பூட்டியிருந்த வீடு', 'பீரோவில் இருந்த நகை' என்னும் இரண்டு தொடர்கள் மட்டும் மாறுவதில்லை. அவை ஏன் மாறாமல் நிற்கின்றன என்று கேட்டுப் பார்த்தால், வீட்டுக் காவல் என்று எண்ணி நாம் செய்பவற்றில் எவை உண்மையாகவே பயன்படுகின்றன, எவை மன ஆறுதலோடு நின்றுவிடுகின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

பூட்டை நாம் தடையாகப் பார்க்கிறோம். வீடு புகுந்து திருடுபவனுக்கு அது முதலில் ஒரு தகவல். வெளிப்பக்கம் தொங்கும் பூட்டு, உள்ளே ஆள் இல்லை என்பதைத் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுகிறது. ஆள் இருக்கும் வீட்டில் நுழைந்தால் கூச்சல் எழும், முகம் அடையாளம் தெரிந்துவிடும், அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். ஆளில்லாத வீட்டில் அவனுக்கு வேண்டியது கால் மணி நேரமும் ஒரு கடப்பாரையும்தான். ஆகவே இரவில் கை வைப்பவன், பகலிலேயே தெருவைப் பார்த்து வைத்துக்கொள்கிறான். இரண்டு நாளாகத் தண்ணீர் தெளிக்காமல் காய்ந்து கிடக்கும் வாசல், கேட்டில் செருகியபடியே வெயிலில் பழுப்பேறும் நாளிதழ், புறப்படும்போது போட்டுவிட்டுப் போனதால் பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் வாசல் விளக்கு ஆகியவற்றைப் படிக்க அவனுக்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. நம் பக்கத்தில் இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் கோலம்தான். நாள்தோறும் கோலமிடும் ஒரு வாசலில் அது இல்லையென்றால், அந்த வீட்டில் துக்கம், அல்லது வீட்டில் யாரும் இல்லை என்று தெருவில் வளர்ந்த குழந்தைகூடச் சொல்லிவிடும்.

எந்த நாட்களில் வீடுகள் காலியாகும் என்பதும் மறைவான செய்தியன்று. பௌர்ணமி இரவில் வேலூரிலிருந்து எத்தனை குடும்பங்கள் திருவண்ணாமலைக்குப் போய்ப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து மறுநாள் காலையில் திரும்புகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை தீபம், ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் ஆடிக் கிருத்திகை, வைகாசி முதல் நாளில் ஊரே தெருவில் நிற்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பள்ளிக் கோடை விடுமுறை, தொடர் முகூர்த்த நாட்கள் என்று ஆண்டு முழுவதும் இந்தக் கணக்கு ஓடுகிறது. தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகூட, எந்த வீட்டார் எந்த நேரத்தில் சுடுகாட்டில் இருப்பார்கள் என்று எழுதியே வைக்கிறது. திருப்பதி வரிசையில் நின்றுகொண்டே குடும்பப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது இதன் அண்மைக்கால வடிவம். அந்தப் படத்தை ஊர் திரும்பிய பிறகு போடுவதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்குப் பழைய வீடுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வேலூர், ஆற்காடு, ஆரணிப் பகுதிகளில் இன்றும் எஞ்சியிருக்கும் திண்ணை வீடுகள் உடைப்பதற்குக் கடினமானவை அல்ல. மண் சுவரில் கன்னம் வைக்கலாம், அதாவது ஆள் நுழையும் துளை போடலாம். நாட்டு ஓட்டைப் பிரித்து இறங்கலாம். முற்றத்தின் வழியாகக் கயிறு கட்டியும் இறங்கலாம். கன்னக்கோல் என்று அதற்கான கருவிக்குத் தனிப்பெயரே இருக்கும் அளவுக்கு அந்தத் தொழில் பழையது. அந்த வீடுகளைக் காத்தவை சுவரும் கதவும் அல்ல. அவை பூட்டப்படாத வீடுகளாக இருந்தன. கல்யாணத்துக்கு வீட்டோடு புறப்பட்டாலும் ஒரு பாட்டியோ, விதவையான ஓர் அத்தையோ வீட்டோடு தங்கிவிடுவார். தெருவில் எதிரெதிர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணில் படாமல் ஒரு புதிய முகம் தெருவைக் கடக்க முடியாது. கிராமத்தில் தலையாரி இருந்தார்; பிற்காலத்தில் நகரத் தெருக்களில் தடியைத் தரையில் தட்டியபடி விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்கா இருந்தார், மாதம் பிறந்ததும் வீடு வீடாக வந்து பணம் வாங்கிக்கொள்வார். அந்தப் பழைய ஏற்பாட்டில் பாட்டிக்கும் அத்தைக்கும் கல்யாணச் சாப்பாடு இல்லாமலே போனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். யாரையும் அப்படி வீட்டோடு கட்டிப்போடும் காலம் திரும்ப வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

இப்போது வேலூரின் குடியிருப்புகளில் கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறு மணி வரை வீட்டில் யாரும் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஓய்வு பெற்ற இருவர் மட்டும் பெரிய வீட்டில் இருப்பதும், அவர்களும் பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதும் சாதாரணமாகிவிட்டன. ராணுவத்துக்குப் பலரை அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், ஆண்கள் எல்லையில் இருக்கப் பெண்களும் முதியவர்களும் வீட்டைக் காத்துக்கொள்வது தலைமுறை வழக்கம். திண்ணையை இடித்து அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறோம். ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பி, தகரம் அடித்த கேட் போடுகிறோம். அந்தத் தகரம் நம் வீட்டுப் பெண்களைத் தெருவின் பார்வையிலிருந்து மறைப்பது உண்மைதான். கேட்டைத் தாண்டி உள்ளே குதித்தவனையும் அது அதே அளவுக்கு மறைத்துவிடுகிறது. அவன் உட்கார்ந்து பொறுமையாகப் பூட்டை நெம்பலாம், எதிர்வீட்டாருக்கு அவன் தலைகூடத் தெரியாது. வாசல் கதவு தெருவிலிருந்து தெரியும்படி கேட்டில் கம்பி இடைவெளி விடுவது, மேலும் இரண்டடி சுவர் எழுப்புவதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டின் பலவீனங்களை அறிந்துகொள்ளச் சட்டப் புத்தகமே ஒரு நல்ல வழிகாட்டி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வீட்டை உடைத்து நுழைவதற்கு ஆறு வழிகளை வரையறுத்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆவது பிரிவிலும் அந்த ஆறும் தொடர்கின்றன. நுழைபவன் தானே உண்டாக்கிக்கொண்ட வழி. மனிதர் நுழைவதற்கென அமைக்கப்படாத வழி, அல்லது சுவரோ கட்டடமோ ஏறி அடைந்த வழி. வீட்டார் திறக்க எண்ணாத ஒன்றைத் திறந்து உண்டாக்கிய வழி. பூட்டைத் திறந்து நுழைதல். ஆளைத் தாக்கியோ மிரட்டியோ நுழைதல். அடைத்து வைக்கப்பட்டது என்று தெரிந்தே அந்த அடைப்பை நீக்கி நுழைதல். பழைய சட்டத்தின் எடுத்துக்காட்டுகளில், கதவின் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குபவனும், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதைக்கொண்டே கதவைத் திறப்பவனும் இடம்பெறுகிறார்கள். ஒன்றையும் உடைக்காமல் சாவியால் திறந்து வந்தாலும் அது வீட்டை உடைத்ததே. இந்த ஆறையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் மாலையில் சொந்த வீட்டை வெளியிலிருந்து சுற்றி வந்தால், வாசற்கதவுக்கு மட்டும் நாம் செலவு செய்திருப்பது தெரிந்துவிடும்.

வாசற்கதவிலும் பணம் போவது தவறான இடத்தில்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலைப்பாட்டுக்கு அது தகும். ஆனால் எந்த ஊர்ப் பூட்டானாலும், நல்ல பூட்டை நேருக்கு நேர் உடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பூட்டைத் தாங்கும் கொண்டியும் நாதாங்கியும்தான் பெயர்கின்றன. இரண்டடி நீளக் கம்பியைப் பூட்டின் வளையத்துக்குள் செருகி, ஊன்றும் இடத்துக்கும் கொண்டிக்கும் இரண்டு அங்குல இடைவெளி வைத்து அழுத்தினால், கையின் பலம் ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகுகிறது. ஓர் அங்குல ஸ்க்ரூ நான்கு, பழைய வேப்பமர நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர அது போதும். அறுநூறு ரூபாய் பூட்டு அப்போது ஒரு கீறலும் இல்லாமல் கொண்டியோடு தரையில் கிடக்கும். கொண்டியைக் கதவின் மறுபக்கம் வரை செல்லும் போல்ட்டாலும் உள்ளே நட்டாலும் பிணைப்பது, நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்டுபாஸ்ட் பட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று கொத்தனாரிடம் கேட்பது ஆகிய இரண்டும் ஒரு நாள் வேலை. அதற்கும் மேலாக, கதவுக்குள்ளேயே பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: ஆள் உள்ளே இருந்து பூட்டியதா, வெளியே போகும்போது பூட்டியதா என்பது தெருவுக்குத் தெரியாது. முதலில் சொன்ன தகவல் சிக்கலை அது ஓரளவு தீர்க்கிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோட்டத்துக் கதவு பெரும்பாலும் மிச்சப்பட்ட பலகையில் செய்ததாக இருக்கும். குளியலறைக் காற்றோட்டச் சாளரத்தில் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட முடியும். அதற்கு உள்பக்கம் இரும்புக் கம்பி வேண்டும். ஜன்னல் கிரில்லை வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் அது அழகுக்கு மட்டுமே ஆகும். கட்டும்போதே சுவரில் பதித்த கம்பிதான் கம்பி. சன்ஷேடை ஒட்டிப் போகும் குழாய், சுவரை ஒட்டிய தென்னை, ஏசி பெட்டியின் தாங்கி ஆகியவை மாடிக்கு ஏணிகள். மேலே ஏறியவனுக்கு எதிரில் நிற்பது, மாடிப்படி அறையின் மெல்லிய தகரக் கதவு.

மாடியைப் பற்றி வேலூர்க்காரர்கள் சற்றுக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது நம் இயல்பு. கீழே கதவு சாத்தியபடி இருக்கும், பூட்டியிருக்காது. மேலே குடும்பமே அயர்ந்து தூங்கும். இப்படித் தூங்கும் இரவில் கீழே வந்து போனவனை யாரும் அறியாத கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் நடந்த ஒன்றில், பீரோவின் சாவி பீரோவின் தலைமேலேயே, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சிறு சத்தமும் எழவில்லை. மாடியில் படுக்கப் போகும்போது முன் பின் கதவுகளை உள்ளிருந்து பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதும், திறந்த ஜன்னலிலிருந்து கைக்கெட்டும் தூரத்திலும், நீண்ட கொம்பு எட்டும் தூரத்திலும், கைப்பேசியையோ கைப்பையையோ வைக்காதிருப்பதும், கழுத்தில் சங்கிலியோடு ஜன்னலோரம் தலை வைத்துப் படுக்காதிருப்பதும் கோடை முழுவதும் கடைப்பிடிக்க வேண்டியவை.

இவ்வளவு செய்தாலும் வீட்டை உடைக்கவே முடியாதபடி செய்துவிட இயலாது. கதவும் கம்பியும் நேரத்தைத்தான் வாங்கித் தருகின்றன: ஐந்து நிமிட வேலையை இருபது நிமிடமாக்குகின்றன. அந்த இருபது நிமிடத்தில் யாராவது பார்க்கவோ கேட்கவோ வாய்ப்பிருந்தால்தான் அந்த நேரத்துக்கு மதிப்பு. வேலூர்க் கோட்டையின் அகழியைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நீரைக் கடப்பவன் கொத்தளத்தில் நிற்கும் காவலனின் கண்ணில் வெகுநேரம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அகழி வெட்டியதன் பயன். மேலே காவல் இல்லையென்றால் அது குளம். அதே கோட்டையில் 1806 ஜூலை 10 அதிகாலையில் எழுந்த சிப்பாய்ப் புரட்சி, அகழிக்கு உள்ளே இருந்தவர்களிடமிருந்தே கிளம்பியது. வெளியாரைத் தடுக்கக் கட்டிய எதுவும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நம் வீட்டுக்கும் இந்த இரண்டாவது கூறு உண்டு. பூந்தொட்டிக்கு அடியிலும் மின்மீட்டர் பெட்டிக்குள்ளும் சாவி இருப்பது யார் யாருக்குத் தெரியும், முன்பு குடியிருந்தவர் எத்தனை சாவிகளைத் திருப்பித் தந்தார், நகை எந்த அறையில் இருக்கிறது என்று எத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறோம் என்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் முதலில் மாற்ற வேண்டியது பூட்டின் சிலிண்டரை.

கண்காணிப்பு கேமரா இப்போது வேலூரின் நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்டது. அதனால் பயன் உண்டு. அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் வேலூர் நகரின் பெரிய நகைக்கடை ஒன்றின் பின்சுவரைத் துளைத்துச் சுமார் 15 கிலோ தங்க நகைகள் திருடப்பட்டதை ஊரே பேசியது. நுழைந்தவர் முகமூடி அணிந்திருந்தார். கேமராக்கள் மீது ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார். சில நாட்களில் அவர் பிடிபட்டார்; ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகைகள் மீட்கப்பட்டன. முன்வாசலில் அத்தனை பாதுகாப்பும் இருக்க, துளை பின்சுவரில் விழுந்தது என்பதையும், கேமரா எதையும் தடுக்கவில்லை என்பதையும் அந்த நிகழ்ச்சி காட்டியது. வீடுகளில் இதைவிட எளிய தவறு ஒன்று நடக்கிறது: பதிவுப் பெட்டியான டிவிஆரை டிவிக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள், வந்தவன் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். அதைப் பரண் போன்ற மறைவான இடத்தில் வைப்பதும், கைப்பேசிக்கு அப்போதே எச்சரிக்கை வரும்படி அமைப்பதும், வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றுவதும் கேமராவுக்குக் கொடுத்த பணத்தைப் பயனுள்ளதாக்கும். அகலக் கோணத்தில் தெரு முழுவதையும் பிடிக்கும் ஒரு கேமராவைவிட, வாசலில் நிற்பவரின் முகம் தெளிவாக விழும் உயரத்தில் உள்ள ஒன்று விசாரணைக்கு அதிகம் உதவும்.

இனி அந்த இரண்டாவது தொடர்: பீரோவில் இருந்த நகை. ஸ்டீல் பீரோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகட்டால் செய்தது. பட்டுப்புடவையைத் தூசியிலிருந்தும் எலியிலிருந்தும் காக்க அது நல்ல பொருள். உள்ளறை லாக்கர் என்று அதில் இருப்பதும் அதே தகடுதான். திருட வருபவன் நேராக அதனிடம் போவதற்குக் காரணம், தமிழ்நாட்டு வீடுகளில் தங்கம் வேறெங்கும் இருப்பதில்லை என்பதுதான். பெண்ணுக்குச் சேர்த்த முப்பது சவரன் ஒரு குடும்பத்தின் இருபது வருட உழைப்பு. சீட்டுப் போட்டு, ஓவர்டைம் பார்த்து, ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கிச் சேர்த்தது. அது இரவோடு இரவாகப் போகும்போது கல்யாணமே நின்றுபோகிறது. ஆகவே நாள்தோறும் அணியாத நகையை வங்கி லாக்கரில் வைப்பதே, எந்தப் பூட்டையும்விடப் பெரிய காவல்.

லாக்கர் பற்றியும் சரியான கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளவை போனால் வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகையென்றால் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாய். முழு நகைக்கும் அது ஈடாகாது என்றாலும், நம் தகரப் பீரோவைவிட வங்கியின் பெட்டக அறை பல மடங்கு கடினமானது என்பதால் இந்தக் கணக்கு யாரையும் பின்வாங்கச் செய்யக் கூடாது. வீட்டுக் காப்பீடு எடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் பாரத் கிருக ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு முக்கியமாகத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அவ்வாறான பேரிடர் நேர்ந்த ஏழு நாட்களுக்குள் அதன் விளைவாக நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். வீடு புகுந்து திருடுவதற்குத் தனியே கேட்டு எடுக்க வேண்டும். அதிலும் பலவந்தமாக நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் என்று எழுதியிருப்பது வழக்கம். பூந்தொட்டிச் சாவியால் திறந்து நடந்த திருட்டில் அந்த ஒரு வரி குடும்பத்தைக் கைவிட்டுவிடும்.

நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து, எடையையும் ரசீதையும் சேர்த்து வைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வேலை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை விற்கும்போது எச்யுஐடி எனப்படும் ஆறு எழுத்தெண் குறியீடு கட்டாயம். அந்த எண்ணும் ரசீதும் கையில் இருந்தால், மீட்கப்பட்ட நகை நம்முடையதே என்று நீதிமன்றத்தில் காட்டுவது எளிதாகும்.

ஆள் இருக்கும்போதே ஒருவன் நுழைந்துவிட்டால் என்ன செய்யலாம் என்ற கேள்வி பலருக்கும் உண்டு. தற்காப்பு உரிமையை நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தருகின்றன. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக, வேறு வழியில்லாத நிலையில், அந்த உரிமை உயிரிழப்பை ஏற்படுத்தும் அளவுக்கும் நீளலாம் என்று 41ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை என்று 37ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடிப்பதும், கட்டிப்போட்டவனை அடிப்பதும் இந்த உரிமைக்குள் வாரா. காம்பவுண்டுக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி வைப்பது தற்காப்பே ஆகாது. அது பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் திருடனுக்கும் வேறுபாடு பார்க்காது. என் அறிவுரை எளியது: நடு இரவில் சத்தம் கேட்டால் எல்லாரும் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டு, விளக்குகளைப் போட்டு, சத்தம் எழுப்பி, அவசர உதவி எண்ணான 112க்கு அழைக்க வேண்டும். போகிற பொருள் போகட்டும். அவன் வெளியேறும் வழியை நாம் மறித்து நிற்கக் கூடாது; அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைப்பவன்தான் கத்தியை எடுக்கிறான்.

அக்கம்பக்கத்தாரின் கண் வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்தக் கண் கையாக மாறிவிடும் ஆபத்தை வடாற்காட்டு மண்ணில் எழுதுகிற யாரும் மறைக்க முடியாது. 2018ஆம் ஆண்டு வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், வடக்கிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் போளூருக்கு அருகே அத்திமூரில் வழி கேட்டு நின்றது; குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியையும் உடன் வந்தவர்களையும் ஊர் கூடி அடித்தது. மூதாட்டி இறந்துபோனார். அவர்களை அடித்தவர்கள் தம் வீட்டையும் பிள்ளைகளையும் காப்பதாகவே நம்பினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் முழுச் சமூகங்களையே பிறவித் திருடர்களாகக் குறித்து வைத்த காலம் 1952இல் முடிந்தது என்று சொல்கிறோம்; பழைய துணி வாங்க வருபவரையும், அம்மி கொத்த வருபவரையும், இந்தி பேசும் கட்டடத் தொழிலாளியையும் பார்க்கும் பார்வையில் அது முடியவில்லை. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கும் ஊர் வேலூர்; இங்கே மொழி தெரியாத முகம் என்பது யாரோ ஒரு நோயாளியின் தம்பி. தன் கண்முன், ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, சொல்கிறது. பார்ப்பது, வண்டி எண்ணைக் குறிப்பது, "யாரைப் பார்க்கணும்ங்க?" என்று மரியாதையாகக் கேட்பது ஆகியவற்றோடு அண்டை வீட்டாரின் வேலை முடிந்தது. தவறான எண்ணத்தோடு வந்தவன் அந்த ஒரு கேள்விக்கே திரும்பிப் போய்விடுவான், உறவினரைத் தேடி வந்தவருக்கோ அது உதவியாகவே இருக்கும்.

வெளியூர் போகும் செய்தியைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வரும் காவலர் அந்தத் தெருவுக்கு ஒரு முறை கூடுதலாக வருவார். சில வீடுகளின் சுவரில் பட்டா புத்தகம் என்ற குறிப்பேடு தொங்குவதைப் பார்த்திருக்கலாம், ரோந்துக் காவலர் வந்ததற்கு அதில் கையெழுத்திடுவார். ஆனால் காவலர் இரவில் ஒரு முறை வருகிறார், எதிர்வீட்டு அக்கா நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார். புறப்படும்போது அவரிடம் சொல்லி, நாளிதழை எடுத்துவைக்கவும், மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கவும், வாசலில் ஒரு கை தண்ணீர் தெளித்து நான்கு புள்ளி வைத்துவிடவும் கேட்டுக்கொள்ளலாம். அவர் ஊருக்குப் போகும்போது நம் வீட்டிலிருந்து ஒருவர் அதையே செய்ய வேண்டும்.

திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகக் கூடாது. அவன் இன்னும் உள்ளே இருக்கலாம். இல்லையென்றாலும் பீரோவின் கைப்பிடியில் இருக்கும் ரேகையை நம் பதற்றமே அழித்துவிடும். தெருவில் நின்றபடியே 112க்குச் சொல்லிவிட்டு, காவலர் வரும் வரை யாரையும் படியேற விடாமல் நிற்க வேண்டும். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். இணையவழியாக அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. போன பொருட்களின் பட்டியலை அன்றைக்கே நினைவிலிருந்து எழுதிக் கையெழுத்துப் போடாமல், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணிப் படத்தைப் பார்த்து, ஒரு மூக்குத்திகூட விடுபடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.